ஏழாவது மடிப்பு: நாலு வருஷ ஃபோம் மேட் அனுபவம்

"அக்கா, டிசம்பர்ல கேதார்காந்தா போறேன். ஃபோம் மேட் வாங்கட்டுமா, காத்தடிக்கிற மேட் வாங்கட்டுமா? உங்களுது எப்படி உழைக்குது?"

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தங்கை போன வாரம் கேட்டாள். கேதார்காந்தா உத்தராகண்டில் பனியில் ஏறிப் போகிற மலை. மேட் என்பது டென்ட்டுக்குள் ஸ்லீப்பிங் பேக்குக்கு (உள்ளே நுழைந்து தூங்கும் பை) அடியில் விரிக்கிற படுக்கை. நான் அதே பக்கத்து மலைப் பள்ளத்தாக்கான ஹர் கி தூனுக்கு நடைபயணம் போய்த் திரும்பி நாலே நாள் ஆகியிருந்தது. இடது இடுப்பு எலும்பைத் தொட்டாலே வலி. "ஃபோம் வாங்காதே" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அது நியாயமான பதில் இல்லை. நாலு வருஷம், அறுபதுக்கும் மேற்பட்ட இரவுகள் கூடவே வந்த பொருளுக்கு ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னுடையது விசிறி மாதிரி மடிக்கிற வகை. முட்டை அட்டை போல மேடும் பள்ளமுமாக இருக்கும், ஒரு பக்கம் வெள்ளிப் பூச்சு. 183 செ.மீ. நீளம், 51 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன், மொத்தம் 14 மடிப்பு. சமையலறைத் தராசில் 420 கிராம் காட்டியது. ₹1,900க்கு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம்; இந்த வகை எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமாட்டிலிருந்து எண்ணினால் ஏழாவது மடிப்பு. என் உயரம் 158 செ.மீ. ஒருக்களித்துத்தான் எனக்குத் தூக்கம் வரும், அதுவும் இடது பக்கம். மல்லாந்து படுப்பவர்களுக்கு உடம்பின் பாரம் முதுகு முழுக்கப் பரவிவிடும். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் மட்டும் உள்ளங்கை அகலத்தில் மொத்தப் பாரத்தையும் இறக்கும். தோளுக்குக் கீழே மூன்றாவது மடிப்பு, இடுப்புக்குக் கீழே ஏழாவது. ஊருக்கு வந்ததும் மேட்டை வராந்தாவில் விரித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கால்மாட்டு மடிப்பில் இன்னும் சுளையாக 2 செ.மீ. இருக்கிறது. ஏழாவது மடிப்பின் நடுவில் 1.2. அங்கே மேடுகளின் நுனி மழுங்கி, வெள்ளிப் பூச்சு போய் உள்ளே இருக்கிற மஞ்சள் தெரிகிறது. மற்ற மடிப்பில் கட்டைவிரலால் அழுத்தினால் உடனே எழும்புகிறது. ஏழாவதில் விரல் எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கிறது. மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தேன். லேசாக உப்பியது, அவ்வளவுதான்.

இதை எழுதும்போது யாராவது கேட்கலாம், தரையில் படுத்துப் பழகாதவளா நீ என்று. நான் கல்லூரி போகும்வரை கோரைப்பாயில் படுத்தவள். சிமென்ட் தரை, ஒரு பாய், ஒரு தலையணை. அந்தக் கடினம் எனக்குக் கஷ்டமே இல்லை. மலையில் பிரச்சினை குளிர்தான். நம் ஊர்த் தரை உடம்புக்கு இதம். அங்கே தரை உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுக்கிறது. எவ்வளவு நல்ல ஸ்லீப்பிங் பேக் ஆனாலும், உடம்புக்குக் கீழே இருக்கிற பகுதியில் இறகோ பஞ்சோ நசுங்கி, சூட்டைப் பிடித்து வைக்க வேண்டிய காற்று வெளியே போய்விடும். முதுகுக்குக் கீழே ஸ்லீப்பிங் பேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். அங்கே காப்பாற்றுவது மேட்டுக்குள் சின்னச் சின்ன அறைகளாக அடைபட்டிருக்கும் காற்று. ஒவ்வொரு அறையும் மூடியிருப்பதால் தண்ணீரும் உள்ளே போகாது. மெத்தைக் கடை ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அந்த ஸ்பாஞ்சின் அறைகள் திறந்தவை. ஒரு மழை போதும், தண்ணீரைக் குடித்துவிடும். யோகா மேட் பற்றியும் கேட்கிறார்கள். அது கனம், அந்தக் கனத்துக்குத் தேவையான சூடும் கிடையாது.

ஆக, ஏழாவது மடிப்பு தேய்வது வலி மட்டும் இல்லை, குளிர் நுழைகிற வழியும் அதுதான். ஹர் கி தூன் 3,566 மீட்டர். அக்டோபரில் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. உடம்பெல்லாம் சூடு, இடது இடுப்பில் மட்டும் ஐஸ் கட்டி வைத்த மாதிரி. கையைக் கீழே நுழைத்துப் பார்த்தால் மேட்டின் அடிப்பக்கம் ஈரம் கோத்துச் சில்லென்று இருந்தது. மழைக்கோட்டை நாலாக மடித்து அங்கே சொருகினேன். அரை மணி நேரம் நன்றாக இருந்தது. அப்புறம் புரண்டு படுத்தேன், அது நழுவிப் போய்விட்டது. விடியும்வரை இதே வேலை.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வருஷம் எடை குறைக்கும் ஆசையில் கால்மாட்டில் நாலு மடிப்பை வெட்டி எடுத்தேன். காலுக்குக் கீழே காலிப் பையைப் போட்டுக்கொள்ளலாம் என்பது பலர் செய்வதுதான், அது சரியாகவே வேலை செய்கிறது. 120 கிராம் குறைந்தது. ஆனால் அன்று ஒன்று தோன்றவில்லை. முழு மேட் என்னைவிட 25 செ.மீ. நீளம், கிட்டத்தட்ட இரண்டு மடிப்பு மிச்சம். ஒரு ராத்திரி மேல் விளிம்பில் தலை வைத்து, அடுத்தடுத்த ராத்திரி ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று கீழே தள்ளிப் படுத்து, பிறகு தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டு அதையே செய்திருந்தால் இடுப்புப் பாரம் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நாலு மடிப்புக்கும் பங்காகியிருக்கும். வெட்டிய பிறகு 131 செ.மீ.தான். கீழே தள்ளிப் படுக்க இடமே இல்லை, எல்லா ராத்திரியும் ஏழாவதுதான் வாங்கிக் கட்டிக்கொண்டது. 120 கிராமுக்காக மேட்டின் ஆயுசில் பாதியைக் கொடுத்துவிட்டேன். இது இன்னும் மனசை உறுத்துகிறது.

வெட்டிய துண்டுகளை இடுப்புக்குக் கீழே இரட்டையாகப் போட்டும் பார்த்தேன். மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துவிடுவதால் உயரம் பெரிதாகக் கூடவில்லை. கவிழ்த்துப் போட்டால் நழுவுகிறது. டென்ட்டின் தரைத்துணி வழவழப்பு, லேசான சரிவு இருந்தாலே காலையில் துண்டு ஒரு மூலையில் கிடக்கும்.

சரி, குறை போதும். அதே பயணத்தில் நடந்த இன்னொன்றையும் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

ஹர் கி தூனுக்கு முந்தின ராத்திரி வழியில் சீமா என்ற இடத்தில் தங்கினோம். டென்ட்டில் என்னோடு இருந்த தோழியிடம் காற்றடிக்கிற மேட். அழகான பொருள், சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுதான். ஒரு மணி இருக்கும், "கீழே இறங்கிட்டேன்டி" என்று எழுப்பினாள். மேட் தரையோடு தரையாகக் கிடந்தது. ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் காதை வைத்து ஓட்டையைத் தேடினோம். ஆற்றுச் சத்தத்தில் என்ன கேட்கும்? கையை நனைத்துத் தடவிப் பார்த்தோம், விரல் விறைத்ததுதான் மிச்சம். ஒட்டுத்துண்டு இருந்தது, ஓட்டைதான் கிடைக்கவில்லை.

என்னிடம் இருந்தது 51 செ.மீ. அகல மேட். இரண்டு பேர் படுக்க முடியாது. அப்போது தோழிதான் சொன்னாள், குறுக்கே போடலாமே என்று. இடுப்புக்குப் போட்டுப் பார்க்கக் கொண்டுபோயிருந்த அந்த வெட்டிய நாலு மடிப்பையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்தபோது குறுக்கே 183 செ.மீ. திரும்பக் கிடைத்தது. ஆளுக்குத் தொண்ணூறு செ.மீ. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சரியாக 51 செ.மீ. தலைக்குத் துணிப்பை, காலுக்குக் கீழே இரண்டு ரக்சாக்கையும் பிரித்துப் போட்டோம். இரண்டு பேரும் காலை ஆறரை வரை தூங்கினோம். அன்று என் இடுப்புக்கும் நல்ல இடம் கிடைத்தது. குறுக்கே போட்டால் ஏழாவது மடிப்பு டென்ட்டின் நடுவில் போய்விடுகிறது, நான் படுத்தது தேயாத பக்கம். அந்த ராத்திரி இந்த மேட்டின் மேல் வந்த பிரியம் லேசுப்பட்டதில்லை.

இன்னும் உண்டு. டேராடூன் ரயில் நிலையத்தை ஒட்டிய மலை பஸ் ஸ்டாண்டில் நடைபயணத்துக்குத் தொடக்க ஊரான சாங்க்ரிக்குப் போகும் பஸ்ஸுக்காக விடியற்காலை காத்திருந்தபோது, பைக்கு வெளியே கட்டியிருந்ததை உருவி இரண்டு நொடியில் விரித்து உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஈரப் பாறையில், பனி படிந்த புல்லில், டீக்கடைத் திண்ணையில் எல்லாம் அதே மேட்தான். முள் குத்துமோ, நெருப்புப் பொறி படுமோ என்ற பயம் இல்லை. காற்றடிக்கிற மேட்டை யாரும் பஸ் ஸ்டாண்டில் விரிப்பதில்லை. பகலிலும் உழைக்கிற படுக்கை இது ஒன்றுதான்.

இப்போது தங்கைக்கு. முதல் வேலையாக உன் குழுவிடம் கேள். கேதார்காந்தாவுக்கு அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் டென்ட்டோடு மேட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் தந்துவிடுவார்கள். அப்படியானால் எதையும் வாங்காதே. தர மாட்டோம் என்றால் ஆர்-மதிப்பைப் பார். குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு அது. 2018இல் வந்த ஏ.எஸ்.டி.எம். (சோதனை முறைகளை வகுக்கும் சர்வதேசத் தர அமைப்பு) முறைப்படி அளந்த எண்ணா என்று பார்த்துக்கொள்; அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்தது, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. தெர்மரெஸ்ட் இசட்-லைட் சோல், நீமோ ஸ்விட்ச்பேக் இரண்டு ஃபோம் மேட்டுக்கும் 2.0. அது உறைநிலை அளவில் இருக்கிற ராத்திரிக்குப் போதும். நீ படுக்கப் போவது டிசம்பர் பனியின் மேல், அங்கே 4க்கு மேல் வேண்டும். தெர்மரெஸ்ட் நியோஏர் எக்ஸ்லைட் என்.எக்ஸ்.டி. என்ற காற்றடிக்கிற மேட் 4.5 தருகிறது, எடை 370 கிராம்தான். விலை பல மடங்கு. பெண்களுக்கென்று வருகிற மேட்டுகளில் பலதிலும் சூட்டுக்காப்பு கூடுதலாக வைக்கிறார்கள், அதையும் பார். ஆர்-மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம், இரண்டு ஃபோமை அடுக்கினால் 2ம் 2ம் 4 ஆகும். வெள்ளிப் பக்கம் மேலே, உன் உடம்பைப் பார்த்து இருக்கட்டும். எதை வாங்கினாலும் வெயிலில் நிற்கிற காருக்குள் போட்டு வைக்காதே, ஃபோம் சுருங்கிவிடும். வீட்டில் இறுக்கிக் கட்டாமல் தளர்வாக மடித்து வை.

ஆக உன் கேள்விக்கு என் பதில் மாறவில்லை. பனிக்கு ஃபோமை மட்டும் நம்பிப் போகாதே. ஒருக்களித்துப் படுப்பவள் என்றால் இன்னும் அழுத்திச் சொல்வேன். இத்தனை பணத்துக்கு இப்படியா இடுப்பைப் பழுக்க வைப்பது என்று எனக்கு இன்றும் கோபம்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, முந்தாநாள் விலை ₹1,450க்கு இறங்கியதைப் பார்த்ததும் அதே மேட்டை இன்னொன்று வாங்கிவிட்டேன். நேற்று வந்தது. வெட்டப் போவதில்லை. பழையதன் பத்து மடிப்பும் குளிர்காலத்துக்கு அடியில் போட இருக்கட்டும். புதியதன் அடிப்பக்கத்தில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதாம் மடிப்புகளில் மார்க்கர் பேனாவால் எண் எழுதி வைத்திருக்கிறேன். எந்த ராத்திரி எதில் படுத்தேன் என்று ஒவ்வொரு காலையும் அதன் பக்கத்திலேயே ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.