போன் வாங்க ஆன்லைனா, பக்கத்து ஷோரூமா?

விலை: பேங்க் ஆஃபர் இருந்தா ஆன்லைன் கம்மி. கடையில பேரம் பேசினா டெம்பர் கிளாஸ், பவுச்சாவது ஃப்ரீயா தேறும்.

ரிட்டர்ன்: இங்கதான் சிக்கலே. ஆன்லைன்ல பெரும்பாலும் 7 நாள்தான், அதுவும் கலர் பிடிக்கலன்னுலாம் திருப்ப முடியாது, பழுதுன்னு அவங்க செக் பண்ணி ஒத்துக்கிட்டாத்தான் மாத்துவாங்க, அதனால ஓப்பன் பாக்ஸ் டெலிவரி இருந்தா அதையே எடுங்க, டெலிவரி பண்றவர் முன்னாடியே டப்பாவ பிரிச்சு, ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள நம்பர்) டப்பாலயும் போன்லயும் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு அப்புறமா ஓடிபி சொல்லுங்க. கடையில கண்ணு முன்னாடியே ஆன் பண்ணிக் காட்டுவாங்க, ஆனா பில் போட்டாச்சுன்னா "சர்வீஸ் சென்டர் போங்க சார்"தான்.

புகார்: ஆன்லைன் கம்பெனி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும், 2020 நுகர்வோர் பாதுகாப்பு (இ-காமர்ஸ்) விதி அது. ஆன்லைனோ கடையோ, யார் இழுத்தடிச்சாலும் 1915க்கு போன் போடுங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்.

காசுதான் முக்கியம்னா ஆன்லைன். அப்பா அம்மாவுக்குன்னா கடை, காண்டாக்ட்லாம் அவங்களே மாத்திக் குடுத்துருவாங்க.