நீண்ட காத்திருப்புக்குச் சாங்கியா, துபாயா?

அடுத்த விமானத்துக்கு ஆறேழு மணி நேரம் காத்திருக்க வேண்டும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம், துபாய் விமான நிலையம், எந்த வழியாகப் போகலாம் என்று யோசிப்பவர்களுக்கு இது.

பொழுதுபோக்கு
சாங்கி: 3ஆம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம். அவை அன்னாசித் துண்டில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுவதை முகத்தருகே பார்க்கலாம். அவ்வளவு அழகு!
துபாய்: கடைகள்தான். நள்ளிரவிலும் திருவிழாக் கூட்டம்.

செலவு
சாங்கி: தோட்டம், சினிமா இரண்டும் இலவசம்.
துபாய்: பர்ஸ் கரையும்.

வெளியே போக
சாங்கி: 40 மீட்டர் உள்ளரங்க அருவி இருக்கும் ஜுவல் வணிக வளாகம், குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. சரி, விசா இல்லையா? 2, 3ஆம் முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் என்ற குட்டி ரயிலில் ஏறுங்கள். கண்ணாடி வழியே அருவி தெரியும்.
துபாய்: 1, 3ஆம் முனையங்களிலேயே மெட்ரோ. இதற்கும் விசா வேண்டும்.

குழந்தைகளோடு போனால் கண்ணை மூடிக்கொண்டு சாங்கி. நகை, பேரீச்சம்பழம் வாங்க துபாய்.