மிக்கேலா, இரபேலா?

புதுச்சேரியைக் களமாக வைத்து இளையோருக்கு ஒரு கிறிஸ்தவ மாயக்கதை எழுதினால் வானதூதரை எப்படிக் காட்டுவது? விவிலியத்திலேயே இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, போர். திருவெளிப்பாடு நூலின் 12-ஆம் அதிகாரத்தில் வானதூதர் மிக்கேல் தன் தூதர்களோடு போய் அரக்கப் பாம்போடு மோதுகிறார். வாள், சிறகு, நெருப்பு என்று காட்சிக்குக் குறைவிருக்காது. ஆனால் சண்டை மேலேயே முடிந்துவிடும். பதினாறு வயது நாயகிக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொன்று தோபித்து நூலின் வழி. (கத்தோலிக்க விவிலியத்தில் இருப்பது, சீர்திருத்தச் சபைகளின் பதிப்பில் பொதுவாக இருக்காது.) வானதூதர் இரபேல், பயணம் போகும் தோபித்தின் மகன் தோபியாவுக்கு அசரியா என்ற பெயரில் சாதாரண வழித்துணையாக வருகிறார். கூடவே ஒரு நாயும் நடக்கிறது! தோபியா மணக்கப்போகும் சாராவின் ஏழு கணவர்களை ஏற்கெனவே கொன்ற பேயை விரட்ட, மீனின் இதயத்தையும் ஈரலையும் தணலில் போட்டுப் புகைக்க வேண்டும். திக்ரீசு ஆற்றில் அந்த மீனைப் பிடிப்பதும் தோபியாதான், புகைப்பதும் அவன்தான். யோசனை சொல்வதும், எகிப்துக்கு ஓடிய பேயைக் கட்டிப்போடுவதும் தூதர் வேலை.

புதுச்சேரியின் மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்துப் பிள்ளைக்கு மீன் ஈரல் கருகும் வாசனையை விளக்கவே வேண்டாம். பயமும் இதில்தான் அதிகம்: பேய் வானத்தில் இல்லை, மணவறைக்குள்ளேயே இருக்கிறது. நான் இரபேல் பக்கம். மிக்கேலுக்குக் கடைசி அத்தியாயத்தில் ஓர் இடம் கொடுத்தால் போதும்.