தாடையில் உட்காரும் டென்ஷன்: ஒரு தளர்வுப் பயிற்சி வகுப்பின் மதிப்புரை

மன அழுத்தத்துக்காக ஒரு வகுப்பில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர்ந்தது ஒரு சிகிச்சை மையம் நடத்தும் எட்டு வார வகுப்பு. வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். பத்துப் பேருக்கு மேல் எடுப்பதில்லை. நடத்துபவர் மருத்துவ உளவியல் படித்தவர். என்னைக் கேட்டால் தாராளமாகச் சேரலாம். ஆனால் அமைதி கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவரைவிட, உடம்பில் இறுக்கம் எங்கே ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளப் போகிறவருக்குத்தான் அங்கே நிறையக் கிடைக்கும்.

என்னை அங்கே போகச் சொன்னவர் பல் மருத்துவர். எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கடைசி நெருங்க நெருங்க, காலையில் எழுந்ததுமே காதுக்குக் கீழே வலிக்கும், வாயை அகலத் திறக்க முடியாது. பல்லை இறுக்கிக் கடிப்பதால் கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். தூக்கத்தில் போட்டுக்கொள்ள ஒரு பல் உறையும் செய்து கொடுத்தார். “இது பல்லைக் காப்பாற்றும், தாடையைத் தளர்த்தச் சொல்லிக் கொடுக்காது” என்றார். அதற்குத்தான் இந்த வகுப்பு.

முதல் வாரம் பயிற்சி எதுவும் கிடையாது, ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார்கள். தூக்கம் எப்படி, கழுத்திலோ முதுகிலோ பழைய அடி இருக்கிறதா, திடீர்ப் பதற்றம் வந்ததுண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். பயிற்சி நன்றாகப் போகிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் ஆசிரியர். இந்தப் பேச்சே இல்லாமல் நேரே பாயை விரித்துப் படுக்கச் சொல்லும் இடம் என்றால் நான் போக மாட்டேன்.

வகுப்பின் முதுகெலும்பு படிப்படியான தசைத் தளர்வு. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கி 1929இல் நூலாக வெளியிட்ட முறை இது. தசை முழுதாகத் தளர்ந்திருக்கும்போது பதற்றம் கூடவே இருக்க முடியாது என்பது அவருடைய அடிப்படை எண்ணம். அவருடைய மூல முறை மிக மிக நிதானமானது, ஒரே தசைத் தொகுதியை நாள்கணக்கில் பழக வேண்டும். இன்று வகுப்புகளில் சொல்லித் தருவது பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர்கள் பெர்ன்ஸ்டீன், போர்கோவெக் இருவரும் 1973இல் சுருக்கித் தந்த வடிவம்: முதலில் பதினாறு தசைத் தொகுதிகள், பழகப் பழக ஏழு, அப்புறம் நான்கு.

செய்வது எளிது. வலது கையை முஷ்டியாக்கி ஐந்து முதல் ஏழு விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு சட்டென்று விட வேண்டும், மெதுவாக அவிழ்க்கக் கூடாது. விட்ட பிறகு அரை நிமிடம் அந்தக் கையிலேயே கவனம். அந்த அரை நிமிடத்தை ஆசிரியர் யாரையும் அவசரப்படுத்தாமல் விட்டுக் கொடுத்ததுதான் வகுப்பின் சிறப்பு. விரல் நுனியில் ஒரு துடிப்பு, உள்ளங்கையில் சூடு, முழங்கை வரை ஒரு கனம் என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். முழு பலத்தையும் போட்டு இறுக்குகிறவர்களிடம் “முக்கால்வாசி போதும்” என்பார். பாதத்தில் அதையும் குறைக்கச் சொல்வார், அங்கேதான் சதை பிடித்துக்கொள்ளும். அடிபட்ட இடம் இருந்தால் இறுக்கவே வேண்டாம், வெறுமனே கவனித்து விட்டால் போதும்.

நெற்றி, கண், தாடை என்று முகத்துக்கு வரும்போது, உடம்பில் நடப்பதை உடனுக்குடன் நமக்கே காட்டும் பயோஃபீட்பேக் கருவியை எடுத்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு வாரத்துக்காகவே இந்த வகுப்புக்குப் பணம் கட்டலாம். தாடைத் தசைமேல் சின்னப் பட்டைகளை ஒட்டுகிறார்கள், தசையில் எழும் மின் துடிப்பு ஒலியாக மாறிக் கேட்கிறது. இறுக்கம் கூடினால் ஒலி உச்சத்துக்கு ஏறும், குறைந்தால் இறங்கும். நான் தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன், கருவி கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. “உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேர வேண்டாம். நாக்கை மேல் அண்ணத்தில் லேசாக வையுங்கள்” என்றார் ஆசிரியர். ஒலி படி இறங்குவதுபோல் இறங்கியது. மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஒன்றையொன்று தொட வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான், மற்ற நேரமெல்லாம் இடைவெளி இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பின்பு அவர் சும்மா “மாதக் கடைசிக் கணக்கு முடிந்ததா?” என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் ஒலி மறுபடி ஏறிவிட்டது. மனசில் ஓடியது தசைக்கு எட்ட எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான்.

விரல் நுனியில் வெப்பமானி மாட்டியும் ஒரு முறை காட்டினார்கள். பதற்றத்தில் கையிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல் குளிரும், தளர்ந்தால் சூடேறும். எனக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆளுக்கு ஆள் டென்ஷன் வேறு வேறு இடத்தில் போய் உட்காருகிறது.

பிந்தைய வாரங்களில் இறுக்குவதையே விட்டுவிட்டு, விடுவதை மட்டும் செய்யப் பழக்கினார்கள். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1987இல் விரிவாக எழுதிய முறை இது. படுத்துக்கொண்டு கால் மணி நேரம் செய்வதை, நின்ற நிலையில் இருபது முப்பது விநாடிக்குள் செய்கிற அளவுக்குக் கொண்டுவருவதுதான் இலக்கு. மூச்சை விடும்போது மனசுக்குள் ஒரு சொல்லைச் சொல்லி, அதோடு தோளையும் தாடையையும் இறக்க வேண்டும். என் சொல் ‘விடு’. அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தால் எடுப்பதற்கு முன் ஒரு ‘விடு’, கணக்குப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டும்போது ஒரு ‘விடு’. வேலை குறையவில்லை, கெடுவும் தள்ளிப்போகவில்லை. ஆனால் சாயங்காலம் காதுக்குக் கீழே கை வைத்தால் அந்தக் கட்டிப்போன சதை இல்லை. கடந்த முறை பல் மருத்துவர் பார்த்துவிட்டுப் புதிய தேய்மானம் இல்லை என்றார். உறையை இன்னும் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன், அதை எடுத்துவிட அவர் சொல்லவில்லை.

மூச்சுப் பயிற்சியிலும் ஒரு நல்ல விஷயம். டென்ஷனாக இருந்தால் ஆழமாக மூச்சை இழு என்று எல்லோரும் சொல்வார்கள். பெரிது பெரிதாக வேகமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நமநமவென்று இருக்கும், பதற்றம் கூடும் என்று ஆசிரியர் விளக்கினார். அளவாக இழுத்து, நீளமாக விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்குக்கு மெல்ல வந்து சேர்ந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருக்குக் கண்ணை மூடித் தளர ஆரம்பித்ததுமே நெஞ்சு படபடத்தது, எழுந்து வெளியே போய்விட்டார். தளர்வே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்பும் என்பது இத்துறையில் தெரிந்த விஷயம்தான். பிடியை விட்டால் என்னவாகுமோ என்ற பயம் அது. ஆசிரியர் அவரைச் சமாதானப்படுத்திப் படுக்க வைக்க முயலவில்லை. அடுத்த வாரம் நாற்காலியில் உட்காரச் சொல்லி, கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் அழுந்துவதை மட்டும் கவனிக்கச் சொன்னார். அவர் கடைசி வாரம் வரை வந்தார். எனக்கு இந்த ஆசிரியர்மேல் நம்பிக்கை உறுதியானது அப்போதுதான்.

இனி குறைகள். வீட்டில் பழகக் கொடுத்த ஒலிப்பதிவு வகுப்பின் தரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. பின்னால் ஓயாமல் ஓர் இசை. அதைவிட மோசம், இறுக்கி விட்டதும் பத்து விநாடிகூடத் தராமல் அடுத்த தசைக்குத் தாவிவிடுகிறது. வகுப்பில் பொத்திப் பொத்திக் காத்த அந்த அரை நிமிடமே அதில் காணோம். நான் அதைக் கைவிட்டு, என் கைப்பேசியில் என் குரலிலேயே நிதானமாகப் பதிந்துகொண்டேன். நன்றாகவே வேலை செய்கிறது.

கடைசி இரண்டு வாரங்களில் நிறையத் திணித்துவிட்டார்கள். ஜெர்மானிய மனநல மருத்துவர் ஷுல்ட்ஸ் 1932இல் வெளியிட்ட ஆட்டோஜெனிக் பயிற்சியை அரை மணி நேரத்தில் முடித்தார்கள். கை கனக்கிறது, கை சூடாகிறது என்று தொடங்கி இதயத் துடிப்பு, மூச்சு, வயிறு, நெற்றி என்று ஆறு படிகள் உள்ள முறை, ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் பழக்கம் வேண்டும். அதைத் தொட்டுக் காட்டுவதைவிட, தசைத் தளர்வையே இன்னொரு முறை நிதானமாகச் செய்ய வைத்திருக்கலாம்.

வாசலில் ஒட்டியிருக்கும் விளம்பரமும் எனக்குப் பிடிக்கவில்லை. மன அழுத்தம், மனச்சோர்வு எல்லாம் பறந்துவிடும் என்ற தொனி. மனச்சோர்வைப் பொறுத்தவரை, சும்மா இருப்பதைவிடத் தளர்வுப் பயிற்சி மேல், ஆனால் முறையான பேச்சு சிகிச்சை அளவுக்குப் பலன் தருவதில்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆசிரியரே உள்ளே இதைத் தெளிவாகச் சொல்கிறார். பிறகு வாசலில் ஏன் வேறு பேச்சு? உண்மையிலேயே உடைந்துபோய் வருகிற ஒருவர் அந்த வாசகத்தை நம்பிச் சேர்ந்து, எட்டு வாரம் கழித்து இதுவும் எனக்குப் பலிக்கவில்லை என்று திரும்பினால் அது பெரிய கொடுமை.

தலைவலி, கழுத்து இறுக்கம், தாடை வலி, படுத்தாலும் தூக்கம் வராத அவதி என்று உடம்பில் டென்ஷனைச் சுமப்பவர்கள், மருத்துவரிடம் காட்டி வேறு நோய் இல்லை என்று தெரிந்துகொண்டு சேரலாம். தினமும் கால் மணி நேரமாவது வீட்டில் ஒதுக்க முடிகிற காலமாகப் பார்த்துச் சேருங்கள், வகுப்பில் மட்டும் செய்து பயனில்லை. சேர்வதற்கு முன் பயோஃபீட்பேக் கருவி எத்தனை வாரம் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு கருவிதான், ஆளுக்குப் பத்து நிமிடம்கூட வரவில்லை.