சீட்டுக்கட்டுச் சந்தை: பொருளாதார வகுப்புக்கு ஏற்ற கருவியா?

சீட்டுகளை வைத்து வகுப்பில் ஒரு சந்தையை நடத்த, 18 மாணவர்களுக்கு ஒரே கட்டு போதும். ஹார்ட்டின், இஸ்பேட் இரண்டிலும் 2 முதல் 10 வரை எடுங்கள். ஹார்ட்டின் வாங்குபவருக்கு: அந்த எண்தான் அவர் தரக்கூடிய அதிகபட்ச விலை. இஸ்பேட் விற்பவருக்கு: அது அவருடைய செலவு. ஆளுக்கு ஓர் அலகு, சுற்றுக்கு ஐந்து நிமிடம்.

சமநிலை விலை (வாங்க விரும்புவோரும் விற்க விரும்புவோரும் எண்ணிக்கையில் பொருந்தும் விலை) 6. நான்கு அல்லது ஐந்து பேரங்கள், மொத்த உபரி (ஒவ்வொரு பேரத்திலும் வாங்குபவரின் எண்ணுக்கும் விற்பவரின் செலவுக்கும் உள்ள வித்தியாசங்களின் கூட்டுத்தொகை) 20 புள்ளி. முதல் சுற்றில் விலை சிதறும். 10 வைத்திருப்பவர் 9 செலவுக்காரரிடம் வாங்கிவிடுவார், பேரங்களின் எண்ணிக்கை கூடும், உபரி குறையும். 1948-இல் பொருளாதார அறிஞர் சேம்பர்லின் தம் வகுப்பறைச் சந்தையில் கண்டதும் இந்த மிகைப் பேரம்தான். மருந்து, இன்னொரு பொருளாதார அறிஞர் வெர்னன் ஸ்மித் 1962-இல் காட்டியது: கேட்கும் விலையும் தரும் விலையும் எல்லோர் காதிலும் விழ வேண்டும், அதே சீட்டுகளோடு சுற்றுகள் தொடர வேண்டும். முடிந்த விலையை உடனே கரும்பலகையில் எழுதுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் பயிற்சி வெறும் இரைச்சல்.

இந்தக் கட்டின் உண்மையான பலம் விலை உச்சவரம்பில். 4 என்று வரம்பு வைத்தால் விற்க மூவர், வாங்க எழுவர். யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து உபரி 18-ஆகவும் இருக்கலாம், 6-ஆகவும் சரியலாம். வரம்பால் இழக்கும் உபரியைக் காட்டும் பாடநூலின் முக்கோணம் இதைச் சொல்வதில்லை!

குறைகள்: சீட்டை அடுத்தவருக்குக் காட்டிவிடுவார்கள், நட்டத்துக்கு விற்பவரும் உண்டு, பதிவு மேசையில் ஒருவர் சீட்டைச் சரிபார்த்தே ஆகவேண்டும். 36 பேருக்கு டைமன், கிளாவரையும் சேர்க்கலாம், விலை மாறாது. அதற்கு மேல் போனால் கணினி வழிச் சந்தையே மேல்.