பி.எஸ். ஐ லவ் யூ: துக்கத்துல இருக்கறவங்க படிக்கலாமா?

சிசிலியா ஆஹெர்னோட 2004 நாவல், டப்ளின்ல நடக்குற கதை. ஹோலிக்கு முப்பது வயசுகூட ஆகல, புருஷன் ஜெர்ரி மூளைக்கட்டியில போயிடறான், ஆனா சாகறதுக்கு முன்னாடியே மார்ச்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மாசத்துக்கு ஒரு லெட்டர் எழுதி வச்சிருக்கான். மார்ச் லெட்டர்ல பெருசா ஒன்னும் இல்லீங்க, கட்டில் பக்கத்துல ஒரு விளக்கு வாங்கிக்கோன்னு சொல்றான், ராத்திரி யார் எழுந்து லைட்ட அணைக்கிறதுன்னு ரெண்டு பேரும் சண்ட போட்டுட்டு இருந்தாங்க இல்ல, அதுக்குத்தான். அந்த எடத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சி.

நம்ம வேலூர்ல சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் போனா ஸ்கேன் கவரோட வெளியூர் ஜனங்க நிக்கறத பாக்கறோம், ஒருத்தர் போயிட்டா கருமாதி முடிஞ்சதும் சொந்தக்காரங்க எல்லாம் கெளம்பிடுவாங்க, அதுக்கப்புறம் அந்த பொண்ணு வீட்டுல தனியா எப்படி இருப்பான்றத இந்த புக்கு பொறுமையா சொல்லுது. புதுசா ஒருத்தன் வந்து எல்லாத்தையும் சரி பண்ற கதை இல்ல, அப்புறமா ஃப்ரெண்டான டேனியல் அவள விரும்புனாலும் ஹோலி அவசரப்படல, அது ரொம்ப புடிச்சிது.

நடுவுல பப், ஃப்ரெண்ட்ஸ்னு இழுக்குது, சில பக்கம் தள்ளிட்டேன். 2007ல வந்த படத்துல கதைய நியூயார்க்குக்கு மாத்திட்டாங்க, அதனால நாவல மொதல்ல படிங்க. இப்பதான் யாரையாவது பறிகொடுத்தவங்களுக்கு உடனே குடுக்காதீங்க, கொஞ்ச மாசம் போகட்டும்.