கோடை இன்டர்ன்களோடு 8 வாரம்: ஒரு கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தில் எங்கள் அனுபவம்

காது கேளாத குழந்தைகளுக்காக நாங்கள் நடத்துவது சின்ன அமைப்பு. வருடா வருடம் செப்டம்பர் 23, சர்வதேச சைகை மொழிகள் தினத்துக்கு ஏதாவது செய்வோம், பெரும்பாலும் ஒரு போஸ்டர், நாலு படம், அதோடு முடிந்துவிடும். இந்த முறை ஒழுங்காகச் செய்யலாம் என்று, சமூக வேலை செய்யும் அமைப்புகளுக்கு மட்டுமே பிரச்சாரம் செய்து தரும் ஒரு கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்திடம் போனோம். பெயர் போடவில்லை, ஏனென்றால் பாராட்டோடு ஒரு பெரிய குறையையும் சொல்லப் போகிறேன்.

முதல் கூட்டத்திலேயே உடைத்துச் சொல்லிவிட்டார்கள்: வேலையில் பெரும்பகுதியைக் கோடைக்கு வந்திருக்கும் மூன்று இன்டர்ன்கள்தான் செய்வார்கள், சீனியர் ஒருவர் மேலே இருந்து பார்த்துக்கொள்வார். எனக்குச் சுருக்கென்றது. கத்துக்குட்டிகளிடம் நம் வேலையைத் தள்ளிவிடுகிறார்களே என்றுதான் தோன்றியது. ஆனால் நாங்கள் கேட்பதற்கு முன்பே இன்னும் மூன்று விஷயம் சொன்னார்கள். இன்டர்ன்களுக்குச் சம்பளம் உண்டு, எல்லாக் கூட்டத்திலும் அவர்கள் உட்காருவார்கள், செய்த வேலையில் அவர்கள் பெயர் வரும். சமூக நீதி பேசும் இடங்களிலேயே சம்பளமில்லாமல் வேலை வாங்குவது சகஜம், உலக சுகாதார நிறுவனமே தன் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது 2020-ல்தான். அதனால் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

முதல் வாரம் மூன்று பேரும் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து வேலைக்கு வந்த பெண், "சைகை மொழி உலகம் முழுக்க ஒண்ணுதானே அக்கா?" என்று கேட்டாள். கேட்டதில் தப்பே இல்லை, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசுவது ஒரே ஆங்கிலம், ஆனால் இரண்டு நாட்டுச் சைகை மொழியும் வேறு வேறு, அமெரிக்கச் சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சுச் சைகை மொழியோடுதான் என்று சொன்னேன். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பின் கணக்குப்படி 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருக்கின்றன என்றும் சொன்னேன்.

மறுநாள் அவள் எனக்கே ஒன்று சொல்லிக்கொடுத்தாள். 1880-ல் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு நடந்தது, பள்ளியில் சைகை கூடாது, வாய்ப்பேச்சுதான் கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள், ஓட்டுப் போட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்பவர்கள். அதற்கு வருத்தம் தெரிவித்தது 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடு. மிலான் கதை எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பொதுமக்களுக்குச் சொல்லலாம் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவள் இரண்டு வருடத்தையும் போஸ்டரில் போட்டு, நடுவில் "130 வருடம்" என்று மட்டும் எழுதியிருந்தாள். எங்கள் பிரச்சாரத்திலேயே அதிகம் பேர் நின்று படித்துக் கேள்வி கேட்டது அந்தப் போஸ்டரைத்தான்.

வீடியோ வேலை பார்த்த பையனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் எடிட் செய்துகொண்டு வந்த வீடியோவைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றோம். போனில் பார்க்கிற மாதிரி நெட்டுவாக்கில், முகங்கள் பெரிதாக, அழகாக இருந்தது. எங்கள் ஆசிரியை ஒருவருக்குக் காது கேட்காது. அவர் கடைசி வரை பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் எழுந்து வந்தார், திரையின் அடி விளிம்பில், பிள்ளைகளின் மார்போடு படம் முடிகிற இடத்தில், உள்ளங்கையை வைத்துக் காட்டினார். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு அந்தப் பையன்தான், "ஐயோ, கையை வெட்டிட்டேன்" என்றான். பிள்ளைகள் பேசியதெல்லாம் படத்துக்கு வெளியே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொன்றையும் ஆசிரியையிடம் காட்டிக் காட்டிச் செய்தான். சாதாரண வீடியோவில் ஒருவர் பேசும்போது குரலை ஓடவிட்டு, படத்தில் வேறு காட்சி காட்டலாம். சைகையில் அது முடியாது, காட்சியை மாற்றினால் பேசுகிறவர் வாயை மூடிய மாதிரி. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் பேசினால் நெட்டுவாக்குப் படத்தில் நான்கு கையும் அடங்காது, அதனால் ஒருவரை மேலேயும் ஒருவரைக் கீழேயும் வைத்தான். வசனத்தைப் போடுவதோடு நிறுத்தாமல், கதவு தட்டும் சத்தம், பின்னால் யாரோ சிரிப்பது என்று சத்தங்களையும் எழுத்தில் போட்டான். காலேஜில் படித்த எடிட்டிங்கில் பாதியை இங்கே மறக்க வேண்டியிருந்தது என்று அவனே சொன்னான்.

டிசைன் பார்த்த மூன்றாவது பெண் அதிகம் பேசமாட்டாள். எங்கள் லோகோவின் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் போட்ட எழுத்து வெள்ளைப் பின்னணியில் பார்வை மங்கியவர்களுக்குத் தெரியாது, இணைய அணுகல் விதிப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 வெளிச்ச வேறுபாடாவது வேண்டும் என்று அளந்து காட்டினாள். மாற்றிவிட்டோம்.

நிறுவனத்தைப் பாராட்ட இன்னொரு காரணம் ஒப்புதல் வாங்கிய விதம். படிவத்தைப் பெற்றோரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகவில்லை, பிள்ளைகளுக்கும் சைகையில் விளக்கி, எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்றார்கள். ஒரு சிறுவன் எல்லாம் முடிந்த பிறகு வேண்டாம் என்றான். காரணம் கேட்காமல் அன்று இரவே அவனை எடுத்துவிட்டு வீடியோவை மறுபடி கோத்தார்கள்.

இப்போது குறை. கோடை முடிந்து இன்டர்ன்கள் காலேஜுக்குத் திரும்பிவிட்டார்கள், எங்கள் நாளோ செப்டம்பர் 23. இடையில் வந்த புது ஆளுக்கு எதுவும் தெரியவில்லை. வீடியோவுக்கு முகப்புப் படம் ஒன்று போட்டார், அதில் மறுபடியும் கை இல்லை! 8 வாரம் மூன்று பேர் கற்றுக்கொண்டதில் ஒரு வரிகூட அந்த ஆபீஸில் யாரும் எழுதி வைக்கவில்லை. மூல ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் அந்தப் பையனுக்கு மெசேஜ் போட்டேன், பாவம், வகுப்பில் இருந்துகொண்டே பதில் அனுப்பினான். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுச் சரி செய்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சீனியர் வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது, அவர் மெயிலுக்குப் பதில் போடவே சில சமயம் நாலைந்து நாளானது.

ஐந்துக்கு நான்கு தருவேன். அந்த நான்கும் இன்டர்ன்கள் வாங்கிக்கொடுத்தது, அவர்களை இப்படி நடத்துகிற, கேள்வி கேட்க விடுகிற ஆபீஸ் என்பதால் நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. இவர்களிடம் போகிறவர்கள், உங்கள் வேலை கோடைக்குள் முடிகிறதா என்று முதலில் பாருங்கள், முடியாது என்றால் பிறகு யார் கையில் போகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடைக்கும் இவர்களிடமே கேட்டிருக்கிறோம், இரண்டு நிபந்தனையோடு. ஏழாவது வாரத்தில் இன்டர்ன்கள் கற்றதையெல்லாம் எழுதி, எங்கள் முன்னால் வைத்து அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டாவது, எழுத்து வேலை பார்த்த பெண் கடைசி நாள் அறிக்கையில் தானே கேட்டிருந்தது: எங்களுக்கு இவ்வளவு சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் பெயர் ஏன் பட்டியலில் இல்லை, அவர் நேரத்துக்கு ஏன் யாரும் பணம் தரவில்லை? எனக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். அதற்கு உடனே சரி என்று சொல்லி, இந்த முறைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் நிபந்தனைக்கு இன்னும் பதில் வரவில்லை, வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.